நாற்பத்தாறு தலைக்கட்டு

விக்கிரமங்கலம் பக்கம்
9.2.2025, ஞாயிறு

மணி,

போனை பிளாக் பண்ணிட்ட. வாட்ஸ்அப்பும் போச்சு. உன் பெரம்பலூர் ஆபீஸ் நம்பருக்கு அடிச்சா ஒரு பொண்ணு "மேடம் சைட்டுக்குப் போயிருக்காங்க"ன்னு சொல்லுது, பின்னாடி உன் குரல் கேக்குது. அதான் ரிஜிஸ்டர் தபால். கையெழுத்து போட்டுத்தான் வாங்கியிருப்ப. அதே பேனாவுல இன்னொரு கையெழுத்தும் போட்டுரு.

உள்ள இருக்கறது கொளஞ்சி பெரியம்மா நிலத்தோட குத்தகைக் காகிதம். நம்ம சோலார் சங்கத்துக்கு அவங்க தரேன்னு சொன்ன ஒன்றரை ஏக்கர் கரம்பு. சங்கத்துச் செயலாளர் நீ. நீ போட்டாத்தான் செல்லும். மார்ச் 31க்குள்ள நிலம் சங்கத்து கையில இருந்தாத்தான் திருச்சி டிரஸ்ட் பேனல் குடுக்கும். பதினஞ்சு கிலோவாட். இல்லேன்னா வேற மாவட்டத்துக்குப் போயிரும். டிரஸ்ட்டு பிரேம்குமார் சார் மூணு தடவ போன்ல சொல்லிட்டாரு. மூணாவது தடவ ரொம்ப மரியாதையா சொன்னாரு, அதான் பயமா இருக்கு.

ரெண்டு வருஷம் மணி. காலேஜை மூணாம் வருஷத்துல விட்டுட்டு வந்தப்ப எங்கப்பா என்ன சொன்னாரு? "கரண்டு படிக்கப் போனவ லைட்டை அணைச்சிட்டு வந்துட்டா." பஸ் ஸ்டாப்புல நின்னு சொன்னாரு. அந்த வாயை மூடத்தான் இதை ஆரம்பிச்சேன்னு வச்சுக்க. ஆனா இப்ப அது இல்ல. ஊருக்குன்னு சொந்தமா ஒரு மோட்டார், ஒரு மாவு மில்லு, டீசல் இல்லாம ஓடணும். எனக்குன்னு சொல்லிக்க வேற எதுவும் கிடையாது.

கூட்டத்துல நான் கத்துனது தப்பு. மைக்கை அணைக்காம கத்துனது அதை விடத் தப்பு. அதுக்காக சங்கத்து பைலைத் தூக்கிட்டு பஸ் ஏறுவியா? ஸ்கூல்ல ஆறாவதுலேர்ந்து பக்கத்து பெஞ்சுடி நம்ம.

பைலையும் அனுப்பு.

வெற்றி


சிறுவாச்சூர்
14.2.2025

வெற்றிச்செல்விக்கு,

காகிதத்தைக் கையெழுத்து இல்லாமல் திருப்பி அனுப்புகிறேன். பைல் என்னிடம்தான் இருக்கிறது, இருக்கும்.

உன் கடிதத்தில் நீ கத்தியது இருக்கிறது, நான் பஸ் ஏறியது இருக்கிறது. நடுவில் நடந்தது இல்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

பிப்ரவரி இரண்டாம் தேதி, சங்கத்தின் முதல் பொதுக்குழு. உறுப்பினர் பெயரை ஒவ்வொன்றாக மைக்கில் வாசித்து பங்குச் சான்றிதழ் கொடுத்தாய். நாற்பத்தாறு பெயர். பின்னால் எங்கள் தெருப் பெண்கள் இருபத்தெட்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பைப் புதைக்க முந்நூறு மீட்டர் பள்ளத்தை ஒன்பது நாள் கூலி இல்லாமல் வெட்டியவர்கள். "நம்ம சங்கத்து வேலைதானே" என்று நீதான் கூப்பிட்டாய். முன் வரிசையில் கொளஞ்சியம்மாள். நாற்பத்தாறாவது பெயரோடு நோட்டை மூடிவிட்டு "அவ்ளோதான், டீ சாப்பிடுங்க" என்றாய்.

என் அம்மா பொன்னுத்தாய் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள்: "நம்மளது எப்பப் படிப்பாங்க?" அதனால்தான் எழுந்தேன். நீ சொன்னது: "வேலை நடக்கணுமா, சட்டம் பேசணுமா? அப்புறமா சேத்துக்கலாம், உக்காருடி."

சங்கத்தின் சட்டத்தை எழுதியவளே நான்தான். ‘பதினெட்டு வயது நிறைந்த, ஊரில் குடியிருக்கும் ஒவ்வொருவரும்’ என்று எழுதினேன். அந்தப் பட்டியலில் என் பெயரும் இல்லை. செயலாளர் என்றால் உங்களுக்கு வேலை பார்ப்பவள், அவ்வளவுதான் போல.

ஒரே ஒரு கேள்வி. அந்த நாற்பத்தாறு பெயரை எங்கிருந்து எடுத்தாய்?

மணிமொழி


17.2.2025

மணி,

எங்கேர்ந்து எடுத்தேன்னு கேட்ட. கோயில் வரி நோட்டுலேர்ந்து.

அதுல என்ன குத்தம்? நீயும் நானும் நாலு மாசம் வூடு வூடா அலைஞ்சோம். ஒன்பது கையெழுத்து. வேம்பு மாமா "சூரியனுக்கு எதுக்கும்மா சங்கம், அது பாட்டுக்கு வருது போவுது"ன்னு மோரைக் குடுத்து அனுப்பிச்சாரு. நீ பரீட்சைக்குப் போன வாரம் எங்கப்பா திருவிழா வரி நோட்டை எடுத்து முன்னாடி போட்டாரு. "இந்த வரிசையிலயே போ. மேல இருக்கறவன் போட்டுட்டான்னா கீழ இருக்கறவன் போடாம இருக்க மாட்டான்"னாரு. அப்படியேதான் நடந்துச்சு. ஒரே சாயங்காலம், நாப்பத்தாறு பேர். வேம்பு மாமா தன் பேருக்கு முன்னாடி யார் பேர் இருக்குன்னு மட்டும் பாத்தாரு, போட்டாரு.

ஊர்ல யார் யாருன்னு அதுலதான் இருக்கு, அப்படின்னுதான் எனக்குத் தோணுச்சு. இவங்க வேணும் இவங்க வேணாம்னு நான் உக்காந்து பிரிக்கல. சத்தியமா பிரிக்கல. உனக்கு சட்டம், எனக்குத் தேதி. ரெண்டு பேர்ல ஒருத்தராவது தேதியைப் பாக்கணும்ல?

நேத்து கொளஞ்சி பெரியம்மா வூட்டுக்குப் போனேன். மக்காச்சோளம் உதுத்துக்கிட்டு இருந்துச்சு. நிமுந்து பாக்கல.

"பெரியம்மா, ஒரு கைநாட்டு."

"எதுக்கு?"

"நெலத்துக்கு. நீங்க சொன்னதுதானே."

"நான் மெம்பரா?"

"நீங்க எடம் குடுக்கறவங்க பெரியம்மா. மெம்பரை விடப் பெரிய ஆளு."

"பெரிய ஆளு பேரை ஏன் படிக்கல?"

அது சோளத்தை உதுத்துக்கிட்டே சொல்லுச்சு: "ஒங்க பெரியப்பா செத்த வருஷம் வரி கேக்க வந்தவங்க, பாவம் தனிக்கட்டை, கேக்க வேணாம்னு அடுத்த வூட்டுக்குப் போனாங்க. நல்ல மனசுதான். அதுக்கப்புறம் பதினோரு வருஷமா எம் பேரை ஒருத்தரும் சத்தமாப் படிச்சதில்ல. அன்னிக்கு நீ படிப்பேன்னு பொட்டியிலேர்ந்து சேலை எடுத்துக் கட்டிக்கிட்டு வந்தேன். போ, வெயில் ஏறுது."

வந்துட்டேன். இப்ப சந்தோஷமா உனக்கு? கோவமா வருது. யார் மேலன்னு தெரியல, அதனால உன் மேல.

வெற்றி


சிறுவாச்சூர்
20.2.2025

வெற்றி,

எனக்குச் சந்தோஷம் இல்லை. அந்தச் சேலையை நானும் பார்த்தேன்.

நீ பிரிக்கவில்லை என்று சொல்வதை நம்புகிறேன். பிரித்தது அந்த நோட்டு. கல்யாணம் ஆன ஆண் ஒரு தலைக்கட்டு. அவன் செத்தால் அந்த வீடு நோட்டில் இல்லை. கல்யாணம் ஆகாத பெண் எந்தக் காலத்திலும் இல்லை. எங்கள் தெருவுக்கு வேறு கோயில், வேறு நோட்டு. நீயே அதில் இல்லை, தெரியுமா? நாற்பத்தாறில் முதல் பெயர் உன் அப்பா ஆண்டவர். சங்கத்தை ஆரம்பித்தவள் நீ, உறுப்பினர் அவர். எனக்கும் நீ எழுதிய பிறகுதான் இது உறைத்தது. பஸ்ஸிலேயே சிரித்துவிட்டேன்.

இன்னும் நாள் இருக்கிறது. பதினைந்து நாள் முன்னறிவிப்பு கொடுத்து சிறப்புக் கூட்டம் கூட்டு. பட்டியலை ரத்து செய்துவிட்டு சட்டத்தில் இருப்பதுபோல் பதினெட்டு வயதான எல்லோரையும் சேர்க்கத் தீர்மானம் கொண்டு வா. தீர்மானத்தை எழுதி இதோடு வைத்திருக்கிறேன், கூட்ட அறிவிப்பில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அது நிறைவேறினால் அன்றே பஸ் ஏறி வந்து குத்தகைக் காகிதத்திலும் போடுகிறேன்.

இங்கே எனக்கு வேலை எப்படி என்று நீ கேட்கவில்லை. சொல்கிறேன். பெரம்பலூரில் பங்களா கட்டுகிறவர்களுக்கு மாடியில் பேனல் வைக்க கொட்டேஷன் போடுகிறேன். நேற்று ஒருவர், தெற்குப் பக்கம் பேனல் சாய்ந்தால் வீட்டுக்கு ஆகாது என்று ஜோசியர் சொன்னாராம், வடக்கே சாய்க்க முடியுமா என்றார். சூரியனிடம் கேட்டுச் சொல்கிறேன் சார் என்றேன். முதலாளி கூப்பிட்டுத் திட்டினார்.

மணி


10.3.2025

மணி,

கூட்டம் நேத்து நடந்துச்சு. நாப்பத்தியொரு பேர் வந்தாங்க. உன் தீர்மானத்தை நானே படிச்சேன். ரெண்டு தடவ.

மொதல்ல வேம்பு மாமா எழுந்தாரு. "கொளஞ்சியைச் சேக்கறதுன்னா சேத்துக்கலாம், அது நம்ம புள்ளை. மத்தவங்க தனியா ஒண்ணு ஆரம்பிச்சுக்கட்டும். யாரு வேணாங்கறா?"

"பள்ளம் வெட்டுனது அவங்க மாமா."

"வெட்டுனதுக்குக் கூலியைக் குடுத்துருவோம். கணக்கு முடிஞ்சுது."

"கூலி வேணாம்னுதான் வெட்டுனாங்க!"

"அது அவங்க தப்பு."

பின்னாடி சிரிப்பு. வேல்முருகன் சித்தப்பா, "வூட்டுக்கு நாலு ஓட்டுன்னா பொம்பளைங்க கையில போயிரும்டா சங்கம், அப்புறம் மோட்டார் போடறதுக்கு அவகிட்ட போய் நிக்கணும்"னாரு. இன்னும் பெரிய சிரிப்பு. நான் எங்கப்பாவைப் பாத்தேன். அவருதான் தலைமை. துண்டை மடிச்சு மடிச்சு சின்னதாக்கிக்கிட்டு இருந்தாரு.

"அப்பா, நீங்க சொல்லுங்க. நானே இதுல மெம்பர் இல்ல, தெரியுமா?"

"ஒனக்கெதுக்கு தனியா? நான் இருக்கேன்ல."

"நான் ஆரம்பிச்சதுப்பா இது."

"ஒனக்காகத்தான நோட்டை எடுத்துக் குடுத்தேன். அதை வச்சு எங்களையே கேள்வி கேக்கறியா?"

கை தூக்கச் சொன்னேன். ஏழு கை. எங்கப்பா கை இல்ல.

ஏழு பேரும் சின்னப் பசங்க, நேத்து கல்யாணம் ஆனவனுங்க. வெளிய வந்து ஒருத்தன், "அக்கா, நாங்க கை தூக்குனதை எங்கப்பாகிட்ட சொல்லிறாதீங்க"ங்கறான்.

மணி, நான் இவங்களுக்காக மூணு தடவ திருச்சி போனேன். பெரியம்மா நிலத்து போர் கிணறு எவ்ளோ தண்ணி குடுக்கும்னு அளக்க ரெண்டு நாள் வெயில்ல நின்னேன். மூஞ்சி உரிஞ்சுது. இவங்களுக்கு மோட்டாரும் வேணாம், மில்லும் வேணாம். நோட்டு போதும். தலையை எங்கயாவது முட்டிக்கலாம் போல இருக்கு.

கொளஞ்சி பெரியம்மா காலையில வந்து நிலம் தரலன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. திட்டக்கூட இல்ல. திட்டியிருக்கலாம்.

இன்னும் இருபத்தியொரு நாள். எதாவது வழி இருந்தா சொல்லு. உன்னைக் கெஞ்சறேன்னு வேணா வச்சுக்க.

வெற்றி


சிறுவாச்சூர்
18.3.2025

வெற்றி,

நேராகச் சொல்லிவிடுகிறேன், சுற்றிவளைத்தால் நீ நடுவில் கிழித்துப் போடுவாய்.

போன வெள்ளிக்கிழமை அம்மாவும் கொளஞ்சியம்மாளும் இங்கே வந்தார்கள். காளி கோயிலுக்குப் போகிறோம் என்று ஊரில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். கோயில் திறக்கும் நாள், தெருவெல்லாம் கூட்டம், என் அறையைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆகியிருக்கிறது. இருவரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்தார்கள். ஊரில் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் இருவருக்கும் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கொளஞ்சியம்மாள்தான் ஆரம்பித்தார். "ஒங்கம்மாளும் அவ கூட்டமும் பள்ளம் வெட்டிட்டாங்க. நெலம் எங்கிட்ட இருக்கு. போரும் எங்கிட்ட இருக்கு. இதுல இல்லாதது என்னா?"

"ஆம்பளைங்க" என்றாள் அம்மா. இருவரும் சிரித்ததில் டீ சிந்தியது.

புதிதாக ஒரு சங்கம் பதிவு செய்கிறோம். எங்கள் தெருவிலிருந்து முப்பத்திரண்டு பேர், கொளஞ்சியம்மாள், நான். ஒவ்வொருவரும் அவரவர் பெயரில். மார்ச் 31க்குள் முடியாது, அந்தப் பதினைந்து கிலோவாட்டைப் பிடிக்க முடியாது. பிரேம்குமார் சாரிடம் பேசினேன். ஜூலையில் சின்னத் திட்டம் ஒன்று இருக்கிறதாம். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்றுக்கு மட்டும். மில் கிடையாது. குத்தகைக்குப் பயிர் வைக்கிற எங்கள் பெண்களுக்கு அது போதும். இப்போது டீசல் இன்ஜினுக்காக அடுத்தவர் வாசலில் நிற்கிறார்கள்.

வேலையை விடுகிறேன். முதலாளி வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை.

உன்னிடம் இரண்டு வேண்டும். நீ எடுத்த போர் அளவு, நீ போட்ட வரைபடம். அவை இல்லாமல் ஜூலையும் தவறிவிடும்.

மணி


21.3.2025

மணிமொழி,

தர மாட்டேன்.

நான் கெஞ்சி எழுதறேன், நீ அதே நிலத்தை வாங்கிக்கிட்டு வரைபடத்தையும் கேக்கற. நல்லா இருக்கு. நான் தப்பு பண்ணேன், அதுக்கு சபையில நின்னு அவமானப்பட்டேன், எங்கப்பன் என்கூட பேசறதில்ல. இதுக்கு மேல என்ன பண்ணணும்? முப்பத்திநாலு பேர்ல என் பேரு எங்க? "நீயும் வாடி"ன்னு ஒரு வார்த்தை உன் கடுதாசியில இல்ல. மூணு தடவ தேடிப் பாத்தேன்.

நீயும் ஒரு நோட்டுதான் போட்டிருக்க.

வெற்றி


3.4.2025

மணி,

31ஆம் தேதி போயிருச்சு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு பிரேம்குமார் சார் போன் பண்ணி, "வருத்தமா இருக்கும்மா, வேற மாவட்டத்துக்குக் குடுத்துட்டோம்"னாரு. தேங்க்ஸ் சார்னு சொல்லிட்டேன். எதுக்குச் சொன்னேன்னு தெரியல.

நாப்பத்தாறு பேர்ல ஒருத்தர்கூட வந்து கேக்கல. பங்குச் சான்றிதழை கண்ணாடி போட்டு மாட்டியிருக்காங்க சில பேர். அதுக்கு மேல எதுவும் வேண்டியதில்ல போல.

நேத்து நிலத்துப் பக்கம் நடந்து போனேன். ஒங்கம்மா பள்ளத்துல விழுந்த மண்ணை வாரிக்கிட்டு இருந்தாங்க. சிமெண்டு ஆலை லாரி போறப்ப வர்ற சுண்ணாம்புத் தூசி தலையெல்லாம். என்னைப் பாத்து, "வெயில்ல ஏன் நிக்கற, வூட்டுக்குப் போ"ன்னாங்க. போறப்ப யோசிச்சேன், அவங்களை நான் இத்தனை வருஷத்துல எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்ல. எங்க வூட்டுல எல்லாரும் பேரைச் சொல்லி ‘வா, போ’ன்னு கூப்புடுவாங்க. நான் அப்படிக் கூப்புடக் கூடாதுன்னு எதுவுமே சொல்லாம விட்டுட்டேன். அதுலயே நான் நல்லவள்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

வரைபடம் வச்சிருக்கேன். போர் அளவு அதுக்குப் பின்பக்கம். அஞ்சு குதிரைத்திறனுக்கு பேனல் வரிசையை மாத்திப் போட்டிருக்கேன், ராத்திரி பகல்னு மூணு நாள் ஆச்சு. பேனலை ரோட்டுலேர்ந்து தள்ளி கிழக்குப் பக்கம் வைங்க. இல்லேன்னா தூசி துடைக்கவே ரெண்டு ஆள் வேணும்.

கூடவே ஒரு உறுப்பினர் விண்ணப்பம். உன் சட்டப்படி ரெண்டு பேர் முன்மொழியணும். அந்த எடத்தை காலியா விட்டிருக்கேன். யாரையும் போய்க் கேக்கல. இந்தத் தடவ யார் பேருக்குப் பின்னாடியும் ஒளிஞ்சுக்கிட்டு வரக் கூடாதுன்னு.

வெற்றி


ஊர், தெற்குத் தெரு
20.7.2025

வெற்றி,

நான் இங்கே வந்து மூன்று மாதம் ஆகிறது. உன் வீடு கூப்பிடு தூரம். நீயும் வரவில்லை, நானும் வரவில்லை. அதனால் இதையும் எழுதியே கொடுத்து அனுப்புகிறேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை என்றே வைத்துக்கொள்.

சங்கம் பதிவாகிவிட்டது. மோட்டாருக்கு அனுமதி கிடைத்துவிட்டது. உன் வரைபடத்தைப் பார்த்துவிட்டு பிரேம்குமார் சார் "இது யார் போட்டது?" என்றார். உன் பெயரைச் சொன்னேன்.

இன்று முதல் பொதுக்குழு. கொளஞ்சியம்மாள் தலைவி. உன் விண்ணப்பத்தை அம்மா முன்மொழிந்தாள், எங்கள் தெரு ஜெயசுதா வழிமொழிந்தாள். பிறகு பேச்சு. "வரைபடம் குடுத்த புள்ளை" என்றார்கள் சிலர். "பள்ளம் வெட்டக் கூப்பிட்டதும் அதே புள்ளைதான்" என்றார்கள் சிலர். கொளஞ்சியம்மாள் சொன்னார்: "கெட்ட புள்ளை இல்ல. வேகமான புள்ளை. அது முன்னாடி ஓடும், நம்ம பின்னாடி ஓடணும். கொஞ்ச நாள் நம்ம நடையில நடந்து பழகிக்குவோம்."

முப்பத்துநான்கு கை. ஆதரவு பதினைந்து, எதிர்ப்பு பத்தொன்பது.

எதிர்த்ததில் என் கையும் ஒன்று. இதை வேறு யார் சொல்லியும் நீ கேட்கக் கூடாது. அம்மா இன்று முதல் முறையாக எழுந்து நின்று கூட்டத்தில் பேசினாள், குரல் நடுங்கியது, ஆனாலும் முடிக்கும்வரை உட்காரவில்லை. நீ அங்கே இருந்திருந்தால் அவள் பாதியில் திக்கியபோது மீதியை நீயே சொல்லி முடித்திருப்பாய். நல்ல எண்ணத்தில்தான். நானும் உன்னை விட்டிருப்பேன்.

அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. உனக்காகக் கோபம்.

இன்னொன்று. வியாழக்கிழமை பேனல் வருகிறது. பொருத்த வருகிறவர்களுக்கு உன் வரைபடம் புரியவில்லை. கேபிள் இழுக்க, இணைக்க, கூட இருந்து சொல்ல ஆள் வேண்டும். உறுப்பினராக இல்லை. கூலிக்கு. மற்றவர்களுக்கு என்னவோ அதே கூலி. கூட்டம் இதை ஒருமனதாக முடிவு செய்தது. வருவதும் வராததும் உன் இஷ்டம்.

மணி


21.7.2025

மணி,

கடுதாசியைப் படிச்சிட்டு மூணு மணி நேரம் உன்னைத் திட்டுனேன். சத்தமா. எங்கம்மா வந்து பேய் புடிச்சிருக்கான்னு பாத்துட்டுப் போச்சு. நீ எதிர்த்து தூக்குனதுக்கு ஒரு மணி நேரம். அதைச் சொன்னதுக்கு ரெண்டு.

ஒங்கம்மா திக்குனா நான் முடிச்சு வச்சிருப்பேன்னு எழுதியிருக்க. வச்சிருப்பேன். அது தெரிஞ்சதுதான் எரியுது.

வியாழன் வரேன். ஆறரைக்கே வரச் சொல்லு அவனுங்களை, பத்து மணிக்கு மேல பேனலைத் தொட முடியாது, சுடும். கேபிள் நாலு எம்எம் வாங்கியிருந்தா திருப்பிக் குடுத்துட்டு ஆறு வாங்கு. கூலி வாங்கிக்குவேன். வேணாம்னு சொல்ல மாட்டேன்.

உன் சட்டத்தை நேத்து முழுசாப் படிச்சேன், மொத தடவயா. நல்லா எழுதியிருக்க. ஆனா ஒரு தடவ தோத்தவ மறுபடியும் எப்ப விண்ணப்பம் போடலாம்னு எங்கயுமே இல்ல. அடுத்த கூட்டத்துல அதை எழுதிச் சேரு. ஒரு வருஷம்னு போடாத.

மூணு மாசம்னு போடு.

வெற்றிச்செல்வி